அறுபது நாளை எண்ணிய விதம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், அதனால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாள் கணக்கில் மட்டும் பிழை இருக்காது. அந்தப் பிழையை ஒருமுறை விட்டு முடித்துவிட்டேன்.

திருகோணமலை நீதிமன்றத்துக்குக் கிட்ட, துறைமுகத்தைப் பார்த்த மேல்மாடி ஒன்றில் ஒரு சட்டத்தரணியின் கந்தோர் இருக்கிறது. நான் அங்கே கூட்டித் துடைக்கச் சேர்ந்தவன். பிறகு வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். பழைய கிளாக்கர் ஓய்வு பெற்றதும், எந்த வழக்கில் எதை எந்தத் திகதிக்குள் போட வேண்டும் என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. சட்டத்தரணியை மிஸ் என்று கூப்பிடுவோம். வயதில் மூத்தவன் என்பதால் என்னை அவர் அண்ணை என்பார். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம் அதிகம். திகதிகளோடு கூச்சம் இல்லை.

சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுத்த குடும்பம் எங்களுடையது. எனவே கட்டுகளை வலை நூலால் கட்டினேன். நீல நூல் என்றால் அவசரமில்லை. பச்சை என்றால் இந்த மாதம். சிவப்பு என்றால் இந்தக் கிழமை. மிஸ் வாசலில் நின்றபடியே அலுமாரியைப் பார்த்தால் போதும். பக்கத்துக் கந்தோர்க் கிளாக்கருக்கு இது பெரிய பகிடி.

"உங்கட மிஸ் வழக்குப் பேசுறாவோ, மீன் விக்கிறாவோ?" என்று படியில் காணும்போதெல்லாம் கேட்பார். நான் சிரித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

பிறகு வேறு ஊர்ச் சட்டத்தரணி ஒருவர் திகதி தவறவிட்டு, அவருடைய கட்சிக்காரரே அவர்மீது வழக்குப் போட்ட கதை எங்கள் நீதிமன்றம் வரை வந்தது. பகிடி குறைந்தது. சட்டத்தரணியின் பிழையால் கட்சிக்காரருக்கு வரும் நட்டத்தை ஈடுசெய்ய ஒரு காப்புறுதி இருக்கிறது என்று எல்லோரும் கதைக்கத் தொடங்கினார்கள். மிஸ்ஸும் அதை எடுக்க நினைத்தார்.

கிண்ணியாவிலிருந்து காப்புறுதி முகவர் ஒருவர் விண்ணப்பத்தோடு வந்தார். பல பக்கம். திகதிகளை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்றும் அதில் ஒரு கேள்வி. மிஸ் என் அலுமாரியைக் காட்டினார். முகவர் குனிந்து நூல்களைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல வேலை அண்ணே. கொம்பியூட்டர் வச்சிரிக்கிற கந்தோர்லயும் இப்பிடி ஒழுங்கு இல்ல."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கடைசிப் பக்கத்தை அடுத்த நாள் நிரப்புவதாக மிஸ் சொன்னார். கட்சிக்காரர் யாராவது உங்கள்மீது வழக்குப் போடக்கூடிய விடயம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அந்தப் பக்கத்துக் கேள்வி.

"அண்ணை, பின்னேரம் எல்லாக் கட்டையும் ஒருக்கா பாத்திடுங்கோ. பிறகு 'இல்லை' எண்டு போடலாம்."

பார்த்தேன். சிவப்பு நூலில் ஒரே ஒரு கட்டு இருந்தது. இறக்கக்கண்டியில் கரைவலை போடும் ஒருவரின் காணி வழக்கு. வலையும் தோணியும் வைக்கும் அவருடைய கரை வாடிக்குப் போகும் பாதை தன்னுடையது என்று பக்கத்துக் காணிக்காரர் வழக்குப் போட்டு வென்றிருந்தார். இவர் மேன்முறையீடு செய்ய விரும்பினார். அதற்கான மனுவை வரும் வியாழக்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். வழக்கமாக மிஸ் இப்படிப்பட்ட மனுக்களை நாற்பது நாளுக்குள் கொடுத்துவிடுவார். இதற்குத் தீர்ப்பின் பிரதி வரத் தாமதம்.

சும்மா ஒரு நிச்சயத்துக்காகப் பழைய கிளாக்கரின் கொப்பியை விரித்தேன். மேன்முறையீட்டு அறிவித்தலுக்குப் பதினான்கு நாள், ஞாயிறும் விடுமுறையும் சேராது என்று இருந்தது. அது எனக்கு மனப்பாடம். அதற்குக் கீழே, மனுவுக்கு அறுபது நாள், எல்லா நாளும் சேரும் என்று இருந்தது.

அந்தக் கீழ் வரியை நான் வாசித்ததே இல்லை. கரையில் யாருக்கு எந்த நாள் வலை போடும் முறை வரும் என்று எண்ணும்போது, கடல் அடித்து வலை இறக்காத நாளை யாரும் எண்ணமாட்டார்கள். வேலை நடக்காத நாள் நாளே அல்ல. சின்ன வயதிலிருந்து அப்படி எண்ணியவன், பதினான்கு நாளையும் சட்டம் அப்படித்தான் எண்ணுகிறது என்று கண்டதும், அறுபதையும் அப்படியே எண்ணிவிட்டேன். ஞாயிறுகளையும் பௌர்ணமிப் போயா விடுமுறைகளையும் சேர்த்துத் திரும்ப எண்ணினேன். அறுபதாம் நாள் முடிந்து பத்து நாளாகியிருந்தது.

அடுத்த நாள் காலை முகவர் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மிஸ் கடைசிப் பக்கத்தில் பேனையை வைத்துவிட்டார்.

"மிஸ், எழுதாதேங்கோ," என்றேன். அவ்வளவு சத்தமாக நான் அந்தக் கந்தோரில் கதைத்ததில்லை. சிவப்பு நூல் கட்டிய அந்த வழக்குக் கட்டை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

மிஸ் நாட்காட்டியை எடுத்து விரலால் எண்ணினார். பிறகு முகவரைப் பார்த்தார்.

முகவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வெளிய போய் நிண்டாலும் பிரயோசனமில்ல மிஸ், என்ட காது நல்லாக் கேக்கும். 'இல்ல' எண்டு எழுதிட்டுப் பிறகு தெரிய வந்தா, அந்தக் காப்புறுதி வெறும் கடதாசி. 'ஓம்' எண்டு எழுதினா, கொம்பனி தராமலும் விடலாம். தந்தாலும் இந்த வழக்கை விட்டுட்டுத்தான் தரும்."

"அப்ப இது என்ர தலையில."

"ஓம் மிஸ்."

மிஸ் 'ஓம்' என்று எழுதினார். முழு விபரமும் எழுத ஒரு பக்கம் போதவில்லை, இன்னொரு தாள் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாக்கிறீங்கள் அண்ணை? அந்த ஆளுக்குப் போன் எடுங்கோ. இதை அவர் என்ர வாயாலதான் கேக்கோணும், வேற ஆக்கள் சொல்லிக் கேள்விப்படக்கூடாது."

இறக்கக்கண்டிக்காரர் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். பிழை எங்களுடையது, வேறு சட்டத்தரணியிடம் போங்கள், செலவை நான் பார்க்கிறேன், என்மீது வழக்குப் போடவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று மிஸ் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எண்ணினது ஆர்? நீரோ?"

"ஓம்."

"வலைக் கணக்கிலயோ எண்ணினீர்?"

"ஓம்."

"நானும் அப்பிடித்தான் எண்ணியிருப்பன். ஆனா நான் லோயரிட்ட வேலை செய்யேல்லயே."

சிவப்பு நூலை அவிழ்த்து, வழக்குக் கட்டு முழுவதையும் அவர் கையில் கொடுத்தேன்.

புதிய சட்டத்தரணி, மேன்முறையீடு பிந்திவிட்டாலும் தீர்ப்பை மீளாய்வு செய்யும்படி கேட்டு மனுப் போட்டார். திகதி தவறியது கட்சிக்காரரின் பிழையல்ல என்று மிஸ்ஸும் நானும் சத்தியக் கடதாசி கொடுத்தோம். என்னுடையதை முழுவதும் வாசித்துவிட்டே கையெழுத்து வைத்தேன். காப்புறுதியும் கிடைத்தது. அந்த ஒரு வழக்கு மட்டும் அதில் சேராது என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள். மிஸ் அந்த வரிக்குக் கீழே கோடிட்டு வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் கந்தோரில் ஒவ்வொரு திகதியையும் இரண்டு பேர் எண்ணுகிறோம். நான் முதல் நாளிலிருந்து முன்னுக்கு எண்ணி, முடியும் நாளை மட்டும் சொல்லுவேன். மிஸ் அந்த நாளிலிருந்து பின்னுக்கு எண்ணுவார். ஒருவர் தாளை மற்றவர் பார்ப்பதில்லை. இரண்டும் ஒத்தால்தான் நூல் கட்டுவேன். எந்த விதியில் எந்த நாள் சேரும், சேராது என்பதை அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். முகவர் இதை மற்றச் சட்டத்தரணிகளிடம் சொல்லிவிட்டார். விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் தங்கள் கட்டுகளையும் வந்து பார்க்கும்படி இப்போது சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்க்கிறேன். இரண்டு கந்தோரில் முடிய இருந்த திகதிகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பகிடி பண்ணின கிளாக்கர் வலை நூல் எங்கே வாங்குவது என்று கேட்டார். மீன் சந்தைப் பக்கம் என்றேன்.

இதையெல்லாம் எழுதித் தரும்படி மிஸ் பலமுறை கேட்டார். இறக்கக்கண்டிக்காரரின் வழக்கு முடியாமல் எழுத மாட்டேன் என்று சொல்லிவந்தேன். இன்று காலை அவரே படியேறி வந்தார். பாதையை இரண்டு பேருக்கும் பொதுவாக வைப்பதென்று இரு பக்கமும் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டுவிட்டதாம். மிஸ்ஸின்மீது வழக்கில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். போகும்போது என் மேசையடியில் நின்றார்.

"இண்டைக்கு எத்தினையாம் திகதி எண்டு தெரியுமோ உமக்கு?"

தெரியும். 2025 யூன் 17, செவ்வாய்க்கிழமை.