மகளின் அறை மட்டும் குளிர்ந்தது

என் மனைவி றோஸ் உதவிக்கு ஆளைக் கூப்பிடுகிறவள் அல்ல. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரின் முதியோர் இல்லமொன்றில் வேலை. வீட்டில் பைப் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் அவளே பார்ப்பாள். நான் அந்தோனிதாசன், பக்கத்தில் ரோர்ச் வெளிச்சம் பிடிக்கிற ஆள். பிழையாகப் பிடித்தால் ஏச்சும் விழும்.

கார்த்திகையில் எங்கள் மகள் ஜெனுஷாவுக்குக் கோப்பன்ஹேகனில் பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் ஒரு மாதம் தன்னோடு வைத்து, பிள்ளை பெற்றவளுக்குரிய சரக்குக்கறி கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று றோஸ் தவித்தாள். மகளோ மசியவில்லை.

"என்ர அறை நிலம் ஐஸ், அம்மா. பிள்ளையோட ஏலாது. சனிக்கிழமை வந்து காட்டிட்டு அண்டைக்கே திரும்பிடுவம்."

பொய்யில்லை. எங்கள் வீட்டில் நிலத்துக்கடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓடுகிறது. மற்ற அறைகளில் வெறுங்காலோடு நடக்கலாம். அந்த அறை மட்டும் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து விறைத்துக் கிடந்தது.

"ஆரையும் கூப்பிடுவமே?" என்றேன்.

"ஏன், எனக்குக் கையில்லையோ?"

வியாழக்கிழமை வேலையால் வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் குழாய்கள் பிரிகிற அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். மகளின் அறைக் குழாய் சில்லென்றிருந்தது. அதன் தலையில் தண்ணீரைத் திறந்து பூட்டுகிற சின்ன மோட்டாரைத் திருகிக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் குழாய் சுட்டது.

"தண்ணி நல்லா ஓடுது. அறைச் சுவரில இருக்கிற தெர்மோஸ்டாட்தான் பூட்டச் சொல்லுது. வாங்கோ."

தெர்மோஸ்டாட் இருபத்தேழு பாகை காட்டியது. எனக்கோ பல் கிட்டியது.

"சனியன் பழுதாப் போச்சு!" என்று கத்தினேன்.

றோஸ் அதற்குக் கீழே பார்த்தாள். அங்கே தட்டில் மடு மாதா சொரூபம், காலடியில் கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுதிரி. மகள் பிள்ளைத்தாய்ச்சி என்று அறிந்த அன்று றோஸ் வைத்த நேர்த்தி அது. பிள்ளையைக் கொண்டுவந்து மாதாவின் முன் கிடத்தும்வரை திரி எரியவேண்டும். அந்தச் சூட்டை அறையின் சூடென்று நம்பி, தெர்மோஸ்டாட் தண்ணீரைப் பூட்டி வைத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மகளுக்கெண்டு கொளுத்தின திரியே மகளை விறைக்கப் பண்ணியிருக்கு!"

"வாயைப் பொத்திக்கொண்டு திரியைப் பிடியுங்கோ. காத்துக்கு நூரக்கூடாது." சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"மாதாவைக் குசினிக்குள்ளயோ வைக்கப்போறீர்?"

"அவவும் பிள்ளை பெத்தவதானே. விளங்கும்."

மோட்டாரைத் திரும்பக் குழாயில் பொருத்தினாள். நிலம் சூடேற ஒரு முழுநாள் எடுத்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஜெனுஷாவும் மருமகன் டானியலும் வந்தார்கள். பேத்தியைக் குசினியில் மாதாவின் முன் கிடத்திச் செபித்தோம். பிறகு ஜெனுஷா பிள்ளைக்குத் துணி மாற்ற அறைக்குள் போனாள். போனவள் வரவேயில்லை. றோஸ் கதவடியில் நின்று கையைப் பிசைந்தாள். இவள் பயந்து நான் கண்டதேயில்லை.

எட்டிப் பார்த்தோம். ஜெனுஷா கம்பளம்கூட இல்லாத நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை நித்திரை. எங்களைக் காணாமல் டானியலைக் கூப்பிட்டு டேனிஷில் சொன்னாள்: "நீ போய் எங்கட உடுப்புகளைக் கொண்டு வா. நாங்க ஒரு மாதம் இங்க நிக்கிறம்."

றோஸின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவுமில்லை, என்னைப் பார்த்துச் சீறினாள்.

"என்ன வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போய்ச் சரக்குக்கறிக்குக் கோழி வாங்கிக்கொண்டு வாங்கோ!"