பின்பலகையில் தட்டி ஜெயித்த மேட்ச்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் மெட்ராஸே காலியாகி, பிறகு ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்களே, அதற்கு அடுத்த வருஷம் ஆவடியில் நடந்தது இது. பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்கும் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் எனக்கு வேலை. பதிவேட்டில் 'ஃபிட்டர்' என்று எழுதியிருந்தார்களே தவிர, என்னை எடுத்தது ஹாக்கி ஆடத்தான். சாப்பாட்டு மணி வரை கையில் ஸ்பேனர், அதற்கப்புறம் ஸ்டிக். எங்கள் டீமில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

நான் கோல்கீப்பர். போன சீசனில் எங்களை அடிக்காத டீம் கிடையாது. பட்டணத்து டீம் ஒன்று ஒரே மேட்ச்சில் ஒன்பது கோல் போட்டுவிட்டுப் போனது. அதிலிருந்து ஒர்க்‌ஷாப் முழுக்க எனக்கு 'சல்லடை' என்று பெயர். கேண்டீனில் டீ ஊற்றுகிறவன்கூட "சல்லடைக்கு ஒரு டீ" என்றுதான் குரல் கொடுப்பான். சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பேன். ஆனால் அம்பத்தூரில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது.

பொங்கல் கழிந்து, தரை இறுகி, புது சீசன் ஆரம்பித்தது. அந்த வருஷம் ஒரு புது பேக் வந்து சேர்ந்தார். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று பந்தைத் தடுத்துத் திருப்பி அடிக்கிறவர்தான் பேக். முப்பது வயசு இருக்கும், என்னைவிட இரண்டு மூன்று வயசு பெரியவர். முன்பு வேறெங்கோ கொதிகலன் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவராம். கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். அதிகம் பேச மாட்டார். நாம் பேசினால் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், கடைசியில் லேசாகச் சிரிப்பார். அவர் அடித்தால் பந்து மைதானத்தின் அந்தக் கோடி வரை பறக்கும்.

முதல் மேட்ச்சில் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். எத்தனையோ நாள் கழித்து வந்த ஜெயம். ஆனால் எங்களுக்கு விழுந்த அந்த ஒரு கோலுக்குக் காரணம் புது பேக்தான். பந்து மெதுவாக உருண்டு வந்தது. "விடுங்க, என் பந்து!" என்று கத்திக்கொண்டே நான் ஓடி வந்தேன். அவர் விடவில்லை. இரண்டு பேரும் மோதி விழுந்தோம், பந்து எங்களைத் தாண்டிக் கோலுக்குள் போய்விட்டது. எழுந்து, "காது கேக்கலையா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

அதே மேட்ச்சில், அம்பயர் விசில் ஊதிய பிறகும் அவர் பந்தை அடித்தார். அம்பயர் எச்சரித்தார். இரண்டாவது மேட்ச்சிலும் அப்படியே செய்தார், பந்து எதிராளியின் முழங்காலில் போய் அடித்தது. அம்பயர் கையை நீட்டி வெளியே போகச் சொல்லிவிட்டார். மீதி நேரம் முழுக்கப் பத்து பேரோடு ஆடினோம். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, கோலுக்கு வந்த பந்தையெல்லாம் காலால், கையால், நெஞ்சால் தடுத்தேன். ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்தோம். பையன்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மறுநாள் கேண்டீனில் யாரும் சல்லடை என்று கூப்பிடவில்லை.

இரண்டே மேட்ச்சில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நேராகக் கேப்டனிடம் போனேன். அவர் பூந்தமல்லிக்காரர், கிறிஸ்தவர், ஸ்டோரில் குமாஸ்தா. நிதானமான மனுஷன்.

"அந்த ஆளுக்குத் திமிர் சார். நான் சொல்றதையும் கேக்கறதில்ல, அம்பயர் விசிலையும் மதிக்கறதில்ல. அவர் இருந்தா நான் ஆட மாட்டேன்" என்றேன்.

கேப்டன் யோசித்தார். என்னை இழக்க அவருக்கு இஷ்டமில்லை. விஷயத்தை ஒர்க்‌ஷாப் துரையிடம் சொல்லிவிட்டார். துரைக்கு ஒழுங்குதான் உயிர். "புதன்கிழமை மேட்ச்சுக்கு நானே வருகிறேன். இன்னொரு தடவை விசிலுக்கு அப்புறம் அடித்தால், அந்த ஆள் டீமிலும் வேண்டாம், ஒர்க்‌ஷாப்பிலும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை வரப்போகிறவர்கள் போன வருஷம் ஒன்பது கோல் போட்ட அதே டீம்.

வெளியே அனுப்பப்பட்ட அவமானமோ என்னவோ, சனிக்கிழமைப் பயிற்சிக்குப் புது பேக் வரவில்லை. "அவர் வீடு உன் ஊருக்குப் பக்கம்தானே, ஞாயித்துக்கெழமை போய் புதன்கிழமை கட்டாயம் வரணும்னு சொல்லிட்டு வா" என்று கேப்டன் என்னையே அனுப்பினார். வேண்டா வெறுப்பாக சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடிக்குப் போனேன்.

ஓலை போட்ட சின்ன வீடு. வாசலில் அவர் சம்சாரம் உரலில் ஏதோ இடித்துக்கொண்டிருந்தார். வேலிப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் சைக்கிள் மணியை அடித்தேன். திரும்பவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பார்த்தாயா, வீடு தேடி வந்தாலும் இந்தத் திமிர் போகவில்லையே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உலக்கையைத் தூக்கி, உரலுக்கு வெளியே, வெறுந்தரையில் தொம் தொம் என்று இரண்டு தரம் குத்தினார். விறகு பிளந்துகொண்டிருந்தவர் உடனே திரும்பினார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாண்ணா, தெரியாதா ஒங்களுக்கு?" என்றார் அந்தம்மா. "தொண்ட கிழிய கத்தினாலும் அதுக்கு காதுல உழாது. விசிலு, மணி, கொயந்த அழுவுறது, ஒண்ணியும் கேக்காது. தொம்முனு கனமா எதனா சத்தம் வந்தா மட்டும் தெரியும். பன்னெண்டு வர்சம் கொதிகலனுக்குள்ள குந்திகினு ஆணியத் தாங்கிப் புட்சிகினு இருந்துச்சே, வெளிய சம்மட்டி அடி. காது இன்னாத்துக்கு ஆவும்?"

அந்தம்மா உலக்கையோடு என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா. தெரிஞ்சா டீம உட்டு நிப்பாட்டிடுவாங்க. வேல பூடும். மறுபடி அந்தக் கொதிகலனுக்குள்ள பூந்துச்சுன்னா மிச்சம் கீற காதும் பூடும்."

அவர் கோடரியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். மறைக்க மனசு வரவில்லை. முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக, கனத்த குரலில், எல்லாவற்றையும் சொன்னேன். புகார் கொடுத்தது நான்தான், துரை இப்படிச் சொல்லியிருக்கிறார் என்று. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. முகம் சிவந்து போயிற்று.

"ஒரு வார்த்த என்னாண்ட கேட்ருக்கலாம் இல்ல நைனா?" என்றார். பிறகு விறகுக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "ஒன் வாயி அசையறது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒன்னத் திரும்பிப் பாத்தா பந்து பூடுது. பந்தப் பாத்தா நீ பூடற. நான் இன்னா பண்ணட்டும்?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் அந்தம்மாதான், "சரி, ஆனது ஆச்சு. பொதங்கெயம ரெண்டு பேரும் இன்னா பண்ணப் போறீங்க, அத்த சொல்லுங்க" என்றார்.

அந்தம்மா கையில் உலக்கை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு எங்கள் கோலின் பின்பலகை ஞாபகம் வந்தது. கம்பத்துக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு வைத்திருக்கும் பலகை. எங்கள் மைதானத்தில் இரண்டு கோலுக்கும் பழைய லாரியின் தேக்குப் பலகையைப் பிடுங்கி அடித்திருந்தார்கள். நல்ல கனம். திரும்பிப் பார்க்காமலே ஸ்டிக்கைப் பின்னால் வீசினால் பலகையில் படும்.

அன்று மத்தியானமே இரண்டு பேரும் ஆவடி மைதானத்துக்குப் போனோம். நான் கோலில் நின்று பலகையைத் தட்டினேன். அவர் பத்து தப்படி தள்ளி நின்றபோது கேட்டது. இருபது தப்படியிலும் கேட்டது. முப்பதில் கேட்கவில்லை. இருபது போதும், எங்களுக்கு வேண்டியது கோலுக்கு முன்னால் இருக்கும் அரை வட்டம்தான். ஒரு தட்டு என்றால் 'விட்டுவிடு, நான் வருகிறேன்'. இரண்டு தட்டு என்றால் 'உன் பந்து, அடி'. பொழுது சாயும் வரை இதையே பழகினோம். அவர் மட்டும் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

விசிலுக்கு என்ன செய்வது? அவரைக் கேட்டுக்கொண்டு, கேப்டன் ஒருவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கேப்டன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மறுநாள் டீமைக் கூப்பிட்டு, "இனிமே விசில் ஊதினா எல்லாரும் நின்ன இடத்துல நின்னு இடது கையத் தூக்கணும். புது ஒழுங்கு" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று பையன்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் செய்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி லாரிகளை நிறுத்தி, அவற்றின்மேல் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். துரை நாற்காலி போட்டு நடுவில் இருந்தார்.

ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே பந்து எங்கள் வட்டத்துக்குள் வந்தது. ஒரு தட்டுத் தட்டினேன். அவர் பந்தைத் தாண்டிக் குதித்து விலகினார், நான் ஓடி வந்து காலால் உதைத்து வெளியே தள்ளினேன். அடுத்தது இரண்டு தட்டு. அவர் வாங்கி அடித்த பந்து அந்தக் கோடி வரை போயிற்று. தொம். தொம் தொம். இவ்வளவுதான் பேச்சு, ஆனால் அவரோடு நான் அவ்வளவு பேசியதே கிடையாது! போன வருஷம் எங்களைப் புரட்டியெடுத்தவர்கள் எந்தப் பக்கம் நுழைவது என்று தெரியாமல் முழித்தார்கள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் என் தப்பால் ஒரு கோல் விழுந்தது. இரண்டு காலுக்கும் நடுவில் பந்தை விட்டுவிட்டேன். தலை குனிந்து நின்றேன். அவர் வந்து என் கால்பேடில் ஸ்டிக்கால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இடத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று எடுத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு கேப்டன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். அடுத்த தடவை எதிராளிகள் பாய்ந்து வந்தபோது அம்பயர் விசில் ஊதினார். எங்கள் பேக் ஸ்டிக்கை ஓங்கியிருந்தார். எதிரே எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். ஓங்கிய ஸ்டிக் அப்படியே அந்தரத்தில் நின்றது. துரை நாற்காலியிலிருந்து எழுந்து கை தட்டினார். பட்டாளத்து ஒழுங்கு என்று நினைத்தாரோ என்னவோ!

கொஞ்ச நேரத்தில் என்னிடமிருந்து இரண்டு தட்டு. அவர் அடித்த அடி வலது ஓரத்தில் இருந்த எங்கள் பையனுக்கே போய்ச் சேர்ந்தது. பையன் ஓட்டமாக ஓடிக் கோலுக்குள் தள்ளினான். இரண்டுக்கு ஒன்று!

அங்கேதான் வந்தது வினை. லாரிமேல் இருந்தவர்கள் சந்தோஷம் தாங்காமல் லாரித் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். டம் டம் டம் டம். நிறுத்தவே இல்லை. நான் பலகையைத் தட்டியது அந்தச் சத்தத்தில் கரைந்து போயிற்று. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆள், கண்ணில் பயம்.

இன்னும் ஐந்து நிமிஷம். நான் கோலை விட்டுவிட்டு ஓடினேன். "பைத்தியமா ஒனக்கு, கோலுக்குப் போ!" என்று யாரோ கத்தினார்கள். போகவில்லை. நேரே அவர் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் போய் நின்றேன். பந்து வந்தது. முதுகில் இரண்டு தட்டு. அடித்தார். மறுபடி வந்தது, மறுபடி இரண்டு தட்டு. பின்னால் கோல் திறந்து கிடக்கிறது, ஒரு பந்து எங்களைத் தாண்டினால் அவ்வளவுதான்.

கடைசியில் அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு இடது பக்கமாக வளைந்து வந்து முழு பலத்தோடு அடித்தான். ஒரு தட்டு. அவர் யோசிக்கவே இல்லை, சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்தார். பந்து என் பேடில் மோதித் துள்ளியது. நான் மல்லாந்து விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே அவர் கெண்டைக்காலில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் அடித்த பந்து லாரிகளையும் தாண்டிப் போய்விட்டது. அதைத் தேடி எடுத்து வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

மூன்று மேட்ச், மூன்று ஜெயம்! ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்து வந்தார்கள். கேப்டன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எங்கள் பேக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, இங்கிலீஷில் என்னமோ நீளமாகச் சொன்னார். அவர் வழக்கம்போலச் சிரித்தார். துரை போன பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்டார்.

முகத்துக்கு நேராக நின்று, "நீங்க இல்லாம இந்த டீமே இல்லையாம்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அந்தக் கனத்த கையை என் தோள்மேல் போட்டுக்கொண்டு, "வா நைனா, ஊட்டாண்ட போலாம். அது காத்துகினு கீது" என்றார். அன்றைக்கு அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

அதற்குப் பிறகு நான்கு சீசன் அவருக்குப் பின்னால் நின்றேன். எத்தனையோ மேட்ச் ஜெயித்தோம், சிலது தோற்றோம். எனக்கு இப்போது வயசாகிவிட்டது. வீட்டிலோ வெளியிலோ யாராவது நான் சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபம் தலைக்கேறும்போதெல்லாம், கேட்கும்படியாக நான் சொன்னேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம், இல்லை என்றுதான் பதில் வருகிறது.