ஒட்டாத மருந்து

பெங்களூரில் இரண்டு தமிழர்கள் முதன்முதலாகச் சந்தித்தால் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். தொம்மலூரில் என் வீட்டுக்குக் கீழே காய்கறிக் கடை வைத்திருப்பவரிடம் ஒரு வருடத்துக்கு மேல் "கொத்தம்பரி சொப்பு கொடி" என்று என் ஓட்டைக் கன்னடத்தில் கேட்டுக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தேன். அவரும் விலையைக் கன்னடத்திலேயே சொல்வார். ஒருநாள் எடைக்கல் அவர் கால்விரலில் விழுந்தது. வாயிலிருந்து வந்தது சுத்தமான தருமபுரி வசவு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகும் ஒரு வாரம் கன்னடத்திலேயே பேசினோம். பழகிய வெட்கம் சட்டென்று விடுவதில்லை.

நான் குடியாத்தத்தில் பிறந்தவள். அங்கே ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். இங்கே பேருந்தில் போகும்போது அம்மாவின் அழைப்பு வந்தால் என் குரல் தானாகவே தாழ்ந்துவிடுகிறது. யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள். யுகாதிக்கு ஒப்பட்டு, நம் போளிதான், கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுப்பார்கள். இருந்தாலும் ஆற்றுத் தண்ணீர் செய்தியில் வரும் வாரங்களில் இந்த ஊர்த் தமிழர்கள் கொஞ்சம் குனிந்துதான் நடப்போம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வந்த இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் குடையைப் பிடிக்கத்தான் வேண்டும்.

என் வேலையைப் பற்றி அம்மாவுக்கு விளக்கியது ஒரு தனிக் கதை. ஒரு மருத்துவமனையின் பின்கட்டிடத்தில், ஈயச் சுவருக்குப் பின்னால், கதிரியக்கம் ஏற்றிய மருந்து செய்கிறோம். நோயைக் குணப்படுத்துகிற மருந்து அல்ல. நரம்பில் ஏற்றினால் அது மூளைக்குப் போய், ஞாபகத்தைத் தின்கிற ஒருவகைப் புரதம் எங்கே படிந்திருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிய இடம் ஸ்கேனில் விளக்குப் போட்டதுபோல் தெரியும். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டாள்: "அப்போ அந்த மருந்த போட்டா ஞாபகம் வருமா?" வராது, ஞாபகம் ஏன் போகிறது என்று தெரியும் என்றேன். "ஞாபகம் போச்சுன்னு தெரிஞ்சிக்க மருந்து எதுக்குடி? பக்கத்துல கீறவங்களுக்கே தெரியுமே." அன்று எரிச்சலாக இருந்தது. மூன்று வருட உழைப்பை அவள் ஒரு வாய் வெற்றிலையோடு மென்று துப்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

எங்கள் மருந்துக்கு ஆயுள் மிகக் குறைவு. செய்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் வீரியம் பாதிக்குக் கீழே போய்விடும். ஆகவே நாளைக்கென்று எடுத்துவைக்க முடியாது. காலையில் செய்ததைக் காலையிலேயே ஏற்ற வேண்டும். இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், இந்தக் கட்டுரையே அதில்தான் தொங்குகிறது. நல்ல மூளைக்குள் போனால் எங்கள் மருந்து எங்கும் ஒட்டாமல் கழுவிக்கொண்டு வெளியேறும். படம் வெறுமையாக இருக்கும். மருந்தே உதவாக்கரையாக இருந்தாலும் படம் அதேபோல வெறுமையாகத்தான் இருக்கும். வெறும் படத்தைப் பார்த்து, மூளை சுத்தமா மருந்து சோடையா என்று சொல்ல முடியாது. நலமானவர்கள் சிலருக்கு ஏற்றிப் பார்த்ததில் ஒழுங்காகக் கழுவிக்கொண்டு போனது. நோயாளிகளிடம் ஒட்டியது போலவும் ஒட்டாதது போலவும் இருந்தது. இன்னொரு நோயாளியிடம் தவறினால் இந்த மூலக்கூறைக் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்த நேரத்தில்தான் சரோஜாம்மா வந்தார்.

முறைப்படி அவரை எனக்குத் தெரிந்திருக்கவே கூடாது. நாங்கள் பார்ப்பது ஈயப் பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடிக் குப்பியை மட்டும்தான். அன்று காலை செய்த மருந்து கடைசிச் சோதனையில் தேறவில்லை. வடிகட்டி கசிந்துவிட்டது. கசிந்த வடிகட்டி வழியாக வந்ததை ஒரு மனிதரின் நரம்பில் ஏற்ற முடியாது, கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழே காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாததால் நான் போனேன்.

அறுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். மஞ்சள் பூப்போட்ட புடவை, எண்ணெய் வைத்து வழித்து வாரிய தலை. பக்கத்தில் மகன் பிரபு. பொம்மனஹள்ளியில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். நான் கன்னடத்தில், இன்னும் நேரமாகும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் "பர்வாகில்லம்மா" என்று சொல்லிவிட்டு, "ஊட்ட ஆய்த்தா?" என்று என்னைக் கேட்டார். காக்கவைத்தவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறாரே என்று சங்கடமாகிவிட்டது. பிரபு தேநீர் வாங்கப் போனார். நாங்கள் இருவரும் வெயிலைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும், நான் தப்பும் தவறுமாக, அவர் சரளமாக, கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது என் கைபேசி அடித்தது. "வேலையில கீறேன்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்தேன்.

அவர் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் மணிக்கட்டில் தட்டினார். "அட, நம்மூரு பொண்ணா நீ! இவ்ளோ நேரம் இன்னாத்துக்குக் கன்னடத்துல கஷ்டப்பட்டுட்டு கீற?"

"நீங்க மட்டும் இன்னாவாம்?" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. பிரபு தேநீரோடு திரும்பி வந்தபோது நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சரோஜாம்மா கோலார் தங்கவயலில் பிறந்தவர். பாட்டன் காலத்தில் வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். கணவரும் சுரங்கத்தில்தான் இருந்தார். சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையலைச் சரிபார்க்கும் வேலை செய்திருக்கிறார். கணவரைப் புதைத்தது தங்கவயலில்தான். மாதம் ஒருமுறை தனியாக, அங்கே போகிற மாரிக்குப்பம் ரயிலேறிப் போய், சமாதியைப் பெருக்கிப் பூ வைத்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவார். அண்மையில் ஒருமுறை நடுவழியில் பங்காரப்பேட்டையில் இறங்கி, இருட்டும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து பிரபு தனியாக விடுவதில்லை. "ஒருவாட்டி தூங்கிட்டேன், வழி தப்பிருச்சு. அதுக்குப் போயி மண்டைய போட்டோ புடிக்கிறான். நீங்க நல்லா பாத்துச் சொல்லுங்க கண்ணு, நான் தனியா போலாம்னு. அவரு தனியா கீறாரு அங்க." பிரபு தேநீரை ஆற்றிக் கொடுத்தார்.

பேச்சில் பழுதே இல்லை. எந்த ஷிப்டுக்கு எப்போது சங்கு ஊதும், எந்த வரிசை வீட்டில் யார் இருந்தார்கள், தங்கம் பிரித்தெடுத்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்தால் காயப்போட்ட துணியெல்லாம் எப்படி வெளுத்துப் போகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அப்படியென்றால், ஸ்கேனுக்கு அனுப்புமுன் வைத்த ஞாபகச் சோதனையில் எப்படித் தவறினீர்கள் என்று கேட்டேன். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்களாம், நூறிலிருந்து கழித்துக்கொண்டே வரச் சொன்னார்களாம். எல்லாம் கன்னடத்தில். பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழில். "தமிழ்லயே கேளுங்கன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன். "ஆஸ்பத்திரியில, ஆபீசுல கன்னடம்தாம்மா. நம்ம பேச்சு வீட்டோட. தண்ணிக் கலாட்டா அப்போ கார்மெண்ட்ஸ்ல கத்துக்கிட்டது."

பிற்பகலில் இரண்டாவது மருந்து தேறியது. படம் வந்தது. வெறுமை. எங்கும் ஒட்டவில்லை.

மறுநாள் கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். இழவு வீட்டுக்காரிக்குக் கொடுப்பதுபோல் ஒருவர் காப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுந்து, சரோஜாம்மாவுக்கு நோயே இல்லாமல் இருக்கலாம், தமிழில் சோதித்துப் பாருங்கள் என்றேன். சோதனை செய்த பெண் திகைத்துப்போனாள். எந்த மொழி வசதி என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன், அவரேதான் கன்னடம் என்றார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது உண்மைதான். அவர் பேசிய கன்னடத்தைக் கேட்ட யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. நரம்பியல் மருத்துவர் நிதானமானவர், மைசூர்க்காரர். "பழைய கதைகளை நன்றாகச் சொன்னார் என்பதை வைத்து நீங்கள் ஒன்றும் முடிவு கட்டாதீர்கள், அது கடைசியில்தான் போகும்" என்றார். எனக்கும் தெரிந்த விஷயம்தான். அன்று தெரியாதவளைப் போல் வாதாடினேன். கடைசியில் தமிழ் தெரிந்த ஒருவரை வரவழைத்துச் சோதிக்க ஒப்புக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் என்னை நானே சந்தேகப்பட்டேன். சரோஜாம்மா நலம் என்றால் என் மருந்து பிழைக்கும். அவர் தனியாக ரயிலேற வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா, என் மூன்று வருடம் வீணாகக் கூடாது என்று ஆசைப்படுகிறேனா? இரண்டும்தான். அடியில் மூன்றாவது ஒன்றும் கிடந்தது. குற்றம் மொழியின் மேல் என்று நிரூபணமானால், இந்த ஊரில் நான் தாழ்த்திக்கொண்ட குரலுக்கெல்லாம் ஒரு நியாயம் கிடைத்துவிடும் என்று ஒரு அற்ப ஆசை. அந்த ஆசையை ஒரு வயதானவரின் தலையில் ஏற்றியிருக்கக் கூடாது.

தமிழில் சோதித்தார்கள். மாதங்களைத் தலைகீழாகத் தடங்கலில்லாமல் சொன்னார். கழித்தலும் சரி. பிறகு ஒரு சிறு கதை சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். "எந்தக் கதை?" என்று கேட்டிருக்கிறார். கதை சொன்னதே ஞாபகத்தில் இல்லை. கன்னடத்தில் சோதித்தபோது, மொழியாக இருக்கலாமே என்று சொல்ல ஒரு இடுக்கு இருந்தது. அதை நானே போய் அடைத்துவிட்டு வந்தேன். மறதி உண்டு, படத்தில் ஒன்றும் இல்லை. இது வேறு வகை மறதியா, என் மருந்து சோடையா என்று இப்போதும் எவருக்கும் தெரியாது. இன்னும் சிலருக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. என் மருந்துக்கு வாய்தா கிடைத்துவிட்டது. அவருக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

மருத்துவரைப் பார்த்துவிட்டு அவர்கள் வெளியே வந்த மாலை, லிஃப்டுக்கு முன்னால் எதிர்ப்பட்டேன். பிரபு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. "அடுத்த மாசத்துலேந்து நானும் கூட வரேன்மா, ரெண்டு பேருமா போலாம்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ எதுக்குடா? எனக்கு வழி தெரியாதா?" என்றவர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக் கை குவித்தார்.

"நமஸ்கார மேடம். ஊட்ட ஆய்த்தா?"

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணில் கேலி இல்லை. அன்னியருக்கு வைத்திருக்கும் மரியாதைதான் இருந்தது.

"ஆய்த்தம்மா" என்றேன்.

"நிம்து யாவ ஊரு?"

பெங்களூர்தான் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். பிரபு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நாங்கள் கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் அவர். உண்மையைச் சொன்னால், அவர் அம்மா என்னை மறந்தது அவர் கண்முன்னேயே அம்பலமாகும், ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"குடியாத்தம்மா."

அதே முகம், அதே மலர்ச்சி. என் மணிக்கட்டில் அதே இடத்தில் தட்டினார். "அட, நம்மூரு பொண்ணா நீ! இவ்ளோ நேரம் இன்னாத்துக்குக் கன்னடத்துல கஷ்டப்பட்டுட்டு கீற?"

ஞாபகம் போனதைத் தெரிந்துகொள்ள மருந்து எதுக்குடி என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"நீங்க மட்டும் இன்னாவாம்?" என்றேன்.

சிரித்தார். பிரபு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த லிஃப்ட் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளே போய் நின்ற பிறகும் சரோஜாம்மா சிரித்துக்கொண்டே, வீட்டுக்கு வா கண்ணு என்று கையாட்டினார். கதவு மூடும்வரை நான் அவருக்கு ஊர்ப்பெண். லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்குள் மறுபடி யாரோ ஒரு மேடம்.