ஒன்பது மணித் திரைச்சீலை

நகரின் ஓரத்திலுள்ள ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறி மூன்று மாதம். இந்தத் தெருவில் என்னைத் தவிர எல்லோரும் எழுபது தாண்டிய ஆங்கிலக்காரர். சத்தமென்றால் புல்லு வெட்டும் மெசின் மட்டும்தான்.

இங்கே வந்தபின் முதல் முறையாக இரவு வேலை முடிந்து நேற்றுக் காலை வந்து, திரைச்சீலையை மூடிவிட்டுப் படுத்தேன். பத்து மணிக்குக் கதவு அதிர்ந்தது. வாசலில் மூன்று மூதாட்டிகள். ஒருவர் கையில் போனோடு, அம்புலன்ஸுக்கு அடிக்கத் தயாராக நிற்கிறார்.

"ஒன்பதுக்கு மேலும் திரை மூடியிருந்தால் வந்து தட்டுவோம், இங்கே அதுதான் வழக்கம்" என்றார் எதிர்வீட்டு மார்கரெட். அவருக்கு எண்பத்தாறு வயது.

"எனக்கு முப்பத்துநாலுதான்" என்றேன்.

"அதனாலென்ன?" என்றார்.

நான் முன்பு இருந்த, எங்கள் சனம் நிறைந்த சென்ட் லோரன்ட்டில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தா. "எங்கட சனம் எட்டிப் பாக்குது எண்டுதானே அங்கை ஓடினனீ?"

இன்று ஒன்பதுக்கு அலாரம் வைத்து எழும்பி, திரையைத் திறந்துவிட்டுத் திரும்பப் படுத்தேன். நித்திரை வரவில்லை. யன்னலடிக்குப் போனேன்.

இப்போது ஒன்பதே கால். மார்கரெட்டின் திரை இன்னும் மூடியிருக்கிறது.

நீங்களென்றால் எத்தனை நிமிடம் பொறுப்பீர்கள்? நான் இதை எழுதி முடிக்குமட்டும் பொறுப்பதென்று இருந்தேன். பாதியிலேயே காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டேன்.