பாடகருக்குப் பக்கத்தில் நின்றவர்

இந்தப் பதாகைக் கடையை எனக்கு முன் நடத்திய சித்தப்பா ஒன்று சொல்லுவார்: "கலியாணத்துக்கு பேனர் அடிக்க வாறவன் விலை கேட்பான், செத்தவீட்டுக்கு வாறவன்..." மிச்சம் நினைவில்லை, 'எப்ப கிடைக்கும் எண்டு கேட்பான்' என்று முடிந்திருக்க வேண்டும். கனடாவிலிருந்து திரும்பி வந்து, திருகோணமலைத் துறைமுகத்தடியில் இந்த அச்சு மெஷினோடு மாரடிக்கத் தொடங்கிய பிறகு நானே கண்டுகொண்டது, ஒரு பாடகர் இறந்தால் ஊர் முழுக்கச் செத்தவீடு என்பது. இதே தொழிலில் கிடந்து உழலும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு பெரிசு?

அந்தப் பாடகர் இறந்த செய்தி வந்த காலை, கடை திறக்க முன்னரே பக்கத்துப் பாலையூற்றுப் பெடியள் வாசலில். ஒவ்வொரு ஓட்டோவிலும் அவருடைய ஒவ்வொரு பாட்டு. எல்லாம் கலந்து ஒரு பாட்டும் விளங்கவில்லை, ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சந்தியில் பந்தல், வெள்ளைக்கொடி, ஒலிபெருக்கி எல்லாம் ஆயத்தம், பதாகைதான் மிச்சம். இணையத்தில் கிடைக்கிற படம் வேண்டாம், அது எல்லா இடத்திலும் தொங்கும் என்றார்கள். அளவைக் கேட்டேன். பெடியளின் தலைவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"பக்கத்து அன்புவழிபுரத்துப் பெடியளின்ர பேனரைவிட ஒரு அடி கூட அடியுங்கோ அண்ணை. அவையளுக்கு எங்களளவு துக்கம் இல்லை."

அந்தரத்தில் ஒரு கை

அவர்கள் கொண்டுவந்த படம் அருமையானது. முன்பு கச்சேரிக்கு வந்த பாடகர் இறங்குதுறையைப் பார்க்கப் போனபோது எடுத்தது. பின்னால் கடல். பக்கத்தில், அவருடைய கை தோளில் கிடக்க, பாலையூற்று மீன் வியாபாரி ராசன் அண்ணை, வாய் கொள்ளாத சிரிப்போடு.

ராசன் அண்ணையை வெட்டிவிடச் சொன்னார்கள் பெடியள். வெட்டிப் பார்த்தேன், பாடகரின் கை அந்தரத்தில் நின்றது. அதற்குள் எப்படியோ கதை போய், ராசன் அண்ணையே வந்துவிட்டார். அடுத்த கிழமை கொழும்பில் அவருக்கு இருதய ஒபரேஷன். வேகமாக நடக்க வேண்டாமென்று டொக்டர் சொல்லியிருந்தும் மூச்சு வாங்க வந்து நின்றார். தான் இல்லாமல் அந்தப் படம் இல்லை என்றார். பெடியள் முணுமுணுக்க, அவர்கள் பக்கம் திரும்பினார்:

"தோளில கை போட்டது அவர். நான் கேக்கேல்லை. இப்ப அதை எடுக்க நீங்கள் ஆர்?"

மாலைக்குள் இருவர்

வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே குத்துவிளக்கு, சுற்றிவரப் பூமாலை என்று திரையில் எல்லாம் பொருந்தி வந்த நேரம், ராசன் அண்ணையின் மனைவி திலகம் அக்கா உள்ளே வந்தார். பார்த்தவுடன் அப்படியே நின்றுவிட்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது: இதைப் பார்க்கிற எவருக்கும் செத்தது இரண்டு பேர்.

ராசன் அண்ணை சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்; எடுபடவில்லை. வெட்டச் சொல்லி அக்காவும் பெடியளும் ஒரு பக்கம், ஏலாது என்று அவர் மறுபக்கம். கடைசியில் அக்கா எனக்குக் கிட்ட வந்து, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"தம்பி, இவரை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக முதல், சனம் மாலை போட்டு அனுப்பப் பாக்குது."

மாலையையும் விளக்கையும் கண்ணீர் அஞ்சலியையும் அழித்து, இருவரையும் அப்படியே நிற்கவிட்டு, கீழே 'திருகோணமலை இறங்குதுறையில்' என்று மட்டும் எழுதி அச்சடித்தேன்.