அமாவாசை அப்டேட்

ஆரணியில் அமாவாசை நெசவுக்கு விடுமுறை, அன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் அந்த நாளுக்காக நான் மாதம் முழுக்கத் துடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது அப்டேட் நாள்.

2000களின் பிற்பாதி அது. பட்டுச்சேலையின் டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைத் தறிக்கான அட்டையில் துளைகளாகக் குத்துகிறவரிடம் கொடுப்பது என் வேலை. தறியும் வியாபாரமும் அண்ணனுடையவை. வைரஸ் புகுந்து டிசைன்கள் அழிந்த ஆத்திரத்தில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறியிருந்தேன். சும்மா கிடைப்பது எப்படி உழைக்கும் என்பார் அண்ணன். எனக்கோ, முகம் தெரியாத யாரோ சரிசெய்து அனுப்புவது என் மேசையில் வந்து இறங்குகிறதே, அதுவே போதை! வேலை நாளில் கைவைத்து ஏதாவது கெட்டால் தறி நின்றுவிடும் என்றுதான் அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

அந்த அமாவாசைக்குப் புதுக் கெர்னலே வந்தது. லினக்ஸுக்கு அஸ்திவாரம் அதுதான். பிராட்பேண்டில் அது மெல்ல மெல்ல இறங்க, நான் சாப்பிடக்கூட எழவில்லை. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்தேன். திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது.

மறுநாள் காலை அட்டை குத்தப் போகவேண்டிய கல்யாணச் சேலையின் முந்தானை டிசைன் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. இணையத்தில் வழி தேடலாம் என்று பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பூட்டு. அதை நடத்துகிறவரும் நெசவு வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரும் அப்படியே. தறிக்கு ஆபத்தில்லாத நாளைப் பார்த்துப் பிடித்த புத்திசாலிக்கு, அன்று உதவிக்கும் ஆளிருக்காது என்று தோன்றவே இல்லை.

திரும்பி வந்தால் அண்ணன் நிற்கிறார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று என்னைத் திட்டினார். காலைக்குள் முந்தானை வராவிட்டால் லினக்ஸுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றார். பிறகு அவரே கேட்டார்: "புதுசு போட்டியே, பழச இன்னாடா பண்ண? அறுத்துட்டியா?"

நெசவுக்காரர் கேட்கிற கேள்வி. தறியில் நெடுக்கே ஓடும் இழைகளான பாவு தீரும்போது, அதன் பழைய நுனிகளை நாங்கள் தறியை விட்டு உருவுவதில்லை. அந்த இழைகளோடுதான் புதுப் பாவின் இழைகளைப் பிணைப்போம். அறுத்துப் போட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கோக்கவேண்டும்.

நான் அறுக்கவில்லை! புதியது வந்தாலும் பழைய கெர்னலை லினக்ஸ் ஓர் ஓரமாக வைத்திருக்கும். கம்ப்யூட்டர் எழும்போது வரும் பட்டியலில் அது இரண்டாவது வரி. இத்தனை மாதம் அந்த வரியை மதித்துப் பார்த்ததே இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்துகள் ஓடின, என் நெஞ்சும் கூடவே ஓடியது. வந்துவிட்டது! முந்தானை ஒரு கட்டம் குறையாமல் திரையில் விரிந்தது. அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஆனந்தத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் சாப்பிடப் போனார்.

அடுத்த அமாவாசையன்று பயத்தில் நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னாடா, இன்னிக்கு புதுசா ஒண்ணும் வரலியா?"