காலி வண்டி உள்ளே போகவில்லை

டிரைவரம்மாவுக்கு ஒரு பழக்கம். பள்ளி பஸ் ஓட்டிய முப்பத்தொரு வருடமும் அதை அவள் விட்டதில்லை. புதுத் தடம் கொடுத்தால், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முதல் நாளே காலி பஸ்ஸை அந்த வழியில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவாள். எந்தத் திருப்பத்தில் மரக்கிளை இடிக்கும், எந்தச் சந்தில் நாய் குறுக்கே வரும் எல்லாம் அவளுக்கு அத்துபடியாகிவிடும். "ரோட்டைத் தெரிஞ்சுக்காம பிள்ளைங்கள ஏத்தறது பாவம்" என்பாள்.

இன்று வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதற்கு முன் வண்டியைக் கொண்டுவந்து உள்ளே நிறுத்திப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். புருஷன் ஒரு வாரமாகத் தட்டிக்கழித்தார். "அதெல்லாம் எதுக்கு? சாமானெல்லாம் அதுலதானே ஏத்திட்டு வரப்போறோம். குடிவர்ற அன்னைக்கு நேரா கொண்டுவந்து விட்டாப் போச்சு" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அளப்பதில் அத்தனை கறார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'அங்குலம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட மனிதர் சரிபார்க்க வேண்டாம் என்றது அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வண்டி வேறொன்றுமில்லை, அவள் ஓட்டிய அதே பஸ்தான். அவளும் அதுவும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஏலம் விட்டபோது அவளே எடுத்துவிட்டாள். சீட்டுகளைக் கழற்றி எறிந்து, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் வைத்தார்கள். இரண்டு வருடம் இழுத்த வேலை. இந்த வயது வரை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு என்று ஒரே பாதையில் போய்ப்போய் வந்தவள், இனி திரும்பிவரும் நேரம் குறிக்காமல் ஒரு தடவையாவது போக வேண்டும் என்றாள். அவரும் சரியென்றுதான் சொன்னார்.

ஆனால் அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த இடம்? வாடகை வீட்டுத் தெருவில் அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்கிப் புகாரே கொடுத்துவிட்டார்கள். நான்கு மாதமாக வீடு தேடினார்கள். வீடு இருந்தால் வாசல் இல்லை, வாசல் இருந்தால் வளைக்க இடமில்லை. கடைசியில் அவரே கண்டுபிடித்தது இந்த வீடு. சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே நீளமாக ஒரு சந்து, அதற்கு மேலே மாடி பால்கனி.

"பதினோரு மணிக்கு வேற ஒரு பார்ட்டி வர்றாங்கக்கா. டாக்டர் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டாரு" என்றார் தரகர். டாக்டர் என்றது வீட்டுச் சொந்தக்காரரை, பல் டாக்டர். அவர் உள்ளே பத்திரத்தைக் கூடத்து மேசையில் விரித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்தே கால்.

அவள் வண்டியைப் பின்னோக்கி எடுத்தாள். புருஷன் பின்னால் நின்று கையசைத்தார். "வரலாம்... வரலாம்..." பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வழக்கமாக அவர் கண் சக்கரத்தில்தான் இருக்கும். இன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று பிரேக்கை மிதித்தாள். அப்படியும் தலைக்கு மேலே கிறீச்சென்றது. பஸ் கூரையில் காற்றுக்காக வைத்த மூடி பால்கனியின் அடியில் உரசி நின்றுவிட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். மூன்று விரற்கடை அளவு இடித்தது.

"சக்கரத்துல காத்தைக் கொஞ்சம் இறக்குனா போயிடும்க்கா" என்று தரகர் முந்திக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவை வெளிய போறப்பவும் நீங்க வந்து இறக்குவீங்களா?"

தரகர் ஓரடி பின்வாங்கினார்.

"அளவு தப்பிடுச்சும்மா. சாமான் ஏத்தினப்ப அளந்தேன். பாரம் இருந்தா வண்டி தணியுமில்ல, அதை மறந்துட்டேன்" என்றார் புருஷன். குரல் அவருடையதாகவே இல்லை.

அவள் அவரையே பார்த்தாள். லிஃப்டை ஆள் ஏறாமல் ஒரு தடவை, முழுப் பாரத்தோடு ஒரு தடவை அளக்காமல் அவர் வேலையை முடித்ததே கிடையாது. சாப்பாட்டு நேரத்தில்கூட அதைச் சொல்லி அவள் காதைப் புளிக்க வைத்தவர். அவரா மறப்பார்? சாமானோடு வந்தால் வண்டி தணிந்து உள்ளே நுழைந்துவிடும். சாமானை இறக்கினால் உயர்ந்துவிடும். அப்புறம் வெளியே வராது. வீட்டையே கட்டி இழுக்க வேண்டியதுதான்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தரகர் காதில் விழாதபடி அவரைச் சந்தின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"தெரிஞ்சே செஞ்சீங்களா?"

அவர் பால்கனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்கறேன்ல?"

"தெரிஞ்சுதான்" என்றார். "போன வருஷம் லிஃப்ட் மோட்டார் ரூம்ல மயங்கி விழுந்தேனே, எட்டு நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரி டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாரு. ஆனா எனக்கு அந்த எட்டு நிமிஷம் மனசை விட்டுப் போகல. இங்கேருந்து ஆஸ்பத்திரி வண்டியில ஆறு நிமிஷம். நடந்தே பார்த்தேன், வண்டியிலயும் பார்த்தேன். நீ பாட்டுக்கு மலை, கடல்னு போயிட்டே இருப்ப. நடுவழியில எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நீ தனியா என்ன பண்ணுவ? பயமா இருக்கு. சொன்னா உன் ஆசை கெட்டுப்போயிடும். வண்டியும் இருக்கட்டும், போகவும் வேணாம்னு..."

அவளுக்கு அவர் மேல் ஆத்திரமும் பரிதாபமும் ஒரே நேரத்தில் வந்தன. எது முதலில் என்று பிரிக்க முடியவில்லை. ஒரு வருடமாக இந்த மனிதர் பக்கத்தில் படுத்துக்கொண்டு பயந்திருக்கிறார், அவளோ பஸ் கட்டிலுக்கு எந்த நிறத்தில் விரிப்பு போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்கள எல்லாம் முப்பத்தொரு வருஷம் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்தேன். உங்க ஒருத்தரச் சேர்க்க மாட்டேனா?"

அவர் சுற்றுச்சுவரை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. உள்ள போங்க. கையெழுத்து போட்டீங்கன்னா நாளைக்கே வண்டியை வித்துடுவோம். உங்க பயமும் நியாயம்தான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா என் பஸ்ஸைக் கட்டிப்போட்டு ஜன்னல் வழியா தினம் பாத்துட்டு இருக்க என்னால முடியாது."

வண்டியை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை. பத்தே முக்கால். அவர் கூடத்துக்குள் போவது தெரிந்தது. டாக்டர் ஏதோ சொல்கிறார், தரகர் கையை ஆட்டுகிறார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனா கை மாறியது. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். இந்த ஸ்டியரிங்கை இன்னொருவன் பிடிப்பதை நினைத்ததும் அதை இறுகப் பற்றிக்கொண்டாள். போட்டால் போடட்டும், மனுஷன் நல்லாயிருந்தால் போதும் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே, போடக்கூடாது, போடக்கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

எதிரே ஒரு கார் வந்து நின்றது. அந்த இன்னொரு பார்ட்டி.

பஸ் படிக்கட்டுப் பக்கம் சத்தம். அவர் ஏறி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கையில் ஒரு வெள்ளைத்தாள், மேலே டாக்டரின் பேர் அச்சிட்டது. பத்திரம் இல்லை.

"போடல" என்றார்.

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட பேப்பர் கேட்டு வாங்கினேன். வழியில எந்தெந்த ஊர்ல ஆஸ்பத்திரி இருக்குன்னு முதல்ல எழுதணும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எத்தனை நிமிஷம்னும் எழுதணும். அது முடியற வரைக்கும் என்னை அவசரப்படுத்தக் கூடாது."

"எழுதுங்க" என்றாள். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டுதான் கியரைப் போட்டாள்.